கேம் தொடராகும்போது ஆடினவர் எங்கே போகிறார்?

1996 பிப்ரவரி 27-ஆம் தேதி ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்த போக்கிமான் ரெட், கிரீன் என்ற இரண்டு கேம்களும் எடுத்த எடுப்பிலேயே ஆடுபவரிடம் ஒரு முடிவு கேட்டுவிடும். பேராசிரியரின் மேசைமேல் மூன்று பந்துகள். ஒன்றுக்குள் புல் வகைப் பிராணி, ஒன்றுக்குள் நெருப்பு வகை, ஒன்றுக்குள் தண்ணீர் வகை. ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆரம்பச் சண்டைகள் லேசாக முடியுமா, முழி பிதுங்குமா என்பது அதைப் பொறுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி டிவி டோக்கியோவில் இதே பெயரில் அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) தொடர் ஆரம்பித்தது. அங்கே ஒரு சங்கடம். தொடரின் நாயகன் எந்தப் பந்தை எடுப்பான்? எதை எடுத்தாலும், மற்ற இரண்டில் ஒன்றை எடுத்து ஆடிய பிள்ளைகளுக்கு அது அடுத்த வீட்டுப் பையனின் கதையாகிவிடும்.

தொடரில் நடந்தது இதுதான். நாயகன் சடோஷி (ஜப்பானுக்கு வெளியே ஆஷ்) அன்று காலை அசந்து தூங்கிவிடுகிறான். இரவு உடுப்போடு ஓடிப்போய்ச் சேரும்போது மூன்றும் போய்விட்டன. மிச்சம் இருப்பது சொன்ன பேச்சு கேட்காத ஒரு மஞ்சள் பிராணி. பந்துக்குள் போகமாட்டேன் என்கிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது. அதுதான் பிக்காச்சு. முதல் கேமில் அது காட்டில் எப்போதாவது தட்டுப்படும் சின்ன உருப்படி, அவ்வளவே. மூன்று கட்சிக்காரர்களில் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லாமல், நாயகனுக்கென்று தனியாக ஒரு துணையும் கிடைத்துவிட்டது. வேண்டுமென்றே செய்தார்களோ, தானாக அமைந்ததோ, கேமிலிருந்து பிறந்த அனிமேக்களில் இத்தனை சாமர்த்தியமான முதல் எபிசோடு வேறொன்று எனக்குத் தெரியாது.

பிறகு அது கேமுக்கே திரும்பி வந்தது. 1998-ல் வெளியான போக்கிமான் யெல்லோவில் மூன்று பந்துகளிலிருந்து எடுக்கும் வேலையே கிடையாது. பிக்காச்சுதான் கிடைக்கும். பந்துக்குள் போகாமல் உங்கள் பின்னாலேயே நடந்து வரும். திரும்பிப் பார்த்தால் அதன் முகத்தில் அப்போதைய மனநிலை தெரியும். தொடருக்காக உருவாக்கிய வில்லன் ஜோடியும் கேமுக்குள் வந்துவிட்டது. நம் ஊரில் பெரும்பாலானோர் தொடரைத்தான் முதலில் பார்த்தோம், கேம் பாயைக் கையில் தொட்டவர்கள் குறைவு. அதனால் கேமில் அந்த நாயகனே கிடையாது, அந்த இடத்தில் இருப்பது நாம்தான் என்பது பலருக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

ஜப்பானில் கேமும் அனிமேவும் இப்படி ஒன்றையொன்று பெற்றெடுப்பது இப்போது அன்றாடக் காரியம். "கேமைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ரசிகர்கள் புலம்புவதும் அன்றாடம்தான். இந்தப் புலம்பல்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் வந்து நிற்கும். கேமில் ஆடினவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தொடரில் என்ன செய்தார்கள் என்பது ஒன்று. காசு போட்டது யார், எதற்காக என்பது இன்னொன்று. முதலாவது கைவண்ணம் சம்பந்தப்பட்டது. அந்தக் கைவண்ணத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது இரண்டாவது.

அதற்கு முன்னால் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். கேமும் தொடரும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால்தான் ஒன்று இன்னொன்றாக எளிதில் மாறிவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் சும்மா வந்ததில்லை. 1996-ல் செகா சாட்டர்ன் கருவிக்கு வந்த சகுரா வார்ஸ், தன்னை ஒரு டீவி தொடராகவே பாவித்துக்கொண்ட கேம். அத்தியாயத்துக்கு நடுவே விளம்பர இடைவேளைக்கு வருவதுபோல ஒரு அட்டை வரும். அத்தியாயம் முடிந்ததும் 'அடுத்த வாரம்' என்பதுபோல முன்னோட்டம் ஓடும். கதையில் வரும் நாடகக் குழுப் பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல உங்களுக்குச் சில விநாடிகள்தான் கொடுப்பார்கள். ஒன்றும் அழுத்தாமல் விட்டால் அந்த மௌனத்தையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வார்கள். டீவி பார்ப்பதுபோல இருக்கும், ஆனால் சும்மா இருக்க முடியாது.

முப்பரிமாண உருவங்களைக் கையால் வரைந்ததுபோலக் காட்டுவது இன்னும் பெரிய பாடு. ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் நிறுவனத்தின் கில்ட்டி கியர் எக்ஸர்ட் (2014) என்ற சண்டை கேம் இதில் ஒரு திருப்புமுனை. உருவத்தின் மேல் நிழல் எங்கே விழவேண்டும் என்பதைக் கணினி கணக்குப்போட்டால் மூக்கோரத்திலும் கன்னத்திலும் அசிங்கமான திட்டுகள் வரும். அதனால் அவர்கள் உருவத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எப்படிப் படவேண்டும் என்பதைக் கையாலேயே திருத்தினார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி விளக்கு வைத்தார்கள். அசைவில் அவர்கள் செய்தது இன்னும் விசித்திரம். கேம் விநாடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடக்கூடியது. இரண்டு நிலைகளுக்கு நடுவே வரவேண்டிய அசைவுகளைக் கணினி தானாக நிரப்பிக் கொடுக்கும். அதை வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, ஒரு நிலையைச் சில சட்டங்களுக்கு அப்படியே பிடித்துவைத்து, சட்டென்று அடுத்த நிலைக்குத் தாவவிட்டார்கள். குத்து விழும் கணத்தில் கை அளவுக்கு மீறிப் பெரிதாகும், முகம் கோணும். 1963-ல் டீவி அனிமே ஆரம்பித்த காலத்திலிருந்து, காசும் நேரமும் இல்லாத குறையால் விநாடிக்கு எட்டுப் படங்களை வைத்து ஓட்டிய பழக்கம்தான் அது. அந்தக் குறை பார்த்துப் பார்த்து நம் கண்ணில் அழகாகப் பதிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கேம் நிறுவனம் கூடுதலாக உழைக்கவேண்டி வந்தது. இதே நிறுவனம் 2018-ல் செய்த டிராகன் பால் ஃபைட்டர்ஸை ஓடவிட்டால், பக்கத்தில் இருப்பவர் தொடர் ஓடுகிறது என்றே நினைப்பார்.

சரி, நாற்காலி விஷயத்துக்கு வருவோம்.

கேமில் ஆடுபவர் பெரும்பாலும் பேசாத ஆள். முகம் இருக்காது, அல்லது முகம் இருந்து பெயர் இருக்காது. மற்ற பாத்திரங்கள் எல்லாம் அவரைப் பார்த்துப் பேசும், அவரிடம் அழும், அவரைக் காதலிக்கும். டீவியில் அந்த ஆளை என்ன செய்வது?

ஐடல்மாஸ்டர் 2005-ல் ஆர்கேடு கேமாக ஆரம்பித்தது. பாடகிகளாக முன்னுக்கு வரத் துடிக்கும் பெண்களின் தயாரிப்பாளராக நீங்கள் இருப்பீர்கள். 2011-ல் ஏ-1 பிக்சர்ஸ் அதைத் தொடராக்கியபோது முதல் எபிசோடு முழுவதையும் ஆவணப்படம்போல எடுத்தது. ஒரு கேமரா அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு பெண்ணையும் பேட்டி எடுக்கிறது. கேட்பவரின் குரல் கேட்காது, கேள்விகள் எழுத்தாக மட்டும் திரையில் வரும். பெண்கள் நேராக நம்மைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். ஒருத்தி வெட்கப்படுகிறாள், ஒருத்தி வீட்டுக் கஷ்டத்தை மழுப்புகிறாள். கேமில் நமக்கு இருந்த இடம் அப்படியே இருக்கிறது. எபிசோடு முடியும்போதுதான் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர், இனி அவர்தான் தயாரிப்பாளர் என்று காட்டுகிறார்கள். இருபது நிமிடம் நம்மை நாற்காலியில் வைத்திருந்துவிட்டு, மெதுவாக எழுப்பி, இன்னொருவரை உட்காரவைக்கிறார்கள். அவருக்குக் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. பழைய ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டதற்கு அந்த மரியாதைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

போர்க்கப்பல்கள் பெண்களாக வரும் கான்டாய் கலெக்‌ஷன் (கேம் 2013, தொடர் 2015) இதே சிக்கலில் வழுக்கி விழுந்தது. ஆடுபவர் அங்கே அட்மிரல். தொடரில் அவர் நிழலாக மட்டும் தெரிகிறார், வாய் திறப்பதில்லை. ஆனால் கதையில் எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவர் உத்தரவால்தான் எல்லாம் நடக்கிறது. காலியான நாற்காலியை நடுவில் வைத்து அதைச் சுற்றி நாடகம் போட்ட கதையாக முடிந்தது.

பெர்சோனா 4 எடுத்த வழி வேறு. அட்லஸ் நிறுவனத்தின் இந்த கேம் (2008) முடிக்க அறுபது எழுபது மணி நேரம் இழுக்கும். கிராமத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர், நகரத்திலிருந்து வந்து மாமா வீட்டில் ஒரு வருடம் தங்கும் மாணவன், தொடர் கொலைகள். மாணவனுக்குப் பெயர் வைப்பதும் அவன் சொல்லும் பதில்களைத் தேர்ந்தெடுப்பதும் நம் வேலை. கேம் ஆடுகிறவர்கள் பதில்களில் எப்போதும் நேர்மையானதை எடுப்பதில்லை. வேடிக்கைக்காகக் கிறுக்குத்தனமானதை எடுத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். 2011-ல் வந்த தொடர் இதைப் பிடித்துக்கொண்டது. யூ நருகாமி என்று பெயர் பெற்ற நாயகன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அபத்தமான பதில்களைச் சொல்லும் ஆளாக வருகிறான். இடைவேளை அட்டையில் அவனுடைய தைரியம், அறிவு, விடாமுயற்சி எல்லாம் கேமில் உள்ளதுபோலவே படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கும். ஆடுபவரின் குறும்பையே பாத்திரத்தின் குணமாக்கிவிட்டார்கள். பிறகு வந்த பெர்சோனா சண்டை கேமில் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பெர்சோனா 5-க்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மங்காவில் (காமிக்ஸில்) அதன் நாயகன் அகிரா குருசு, 2018 தொடரில் ரென் அமாமியா. பெயர் மட்டும் மாறியது, ஆளுக்கு குணம் ஒன்றும் சேரவில்லை.

கிளை பிரியும் கதைகளில்தான் இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகும். ஜப்பானில் விஷுவல் நாவல் என்று ஒரு வகை கேம் இருக்கிறது. கிட்டத்தட்ட முழுக்க வாசிப்புதான். பின்னணிப் படம், பாத்திரங்களின் உருவம், கீழே வசனம். நடுநடுவே ஒரு தேர்வு வரும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்பக் கதை ஒரு ரூட்டில் போகும். பெரும்பாலும் ஒரு ரூட்டுக்கு ஒரு நாயகி. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்து அடுத்த ரூட்டை எடுக்கலாம். தொடருக்கோ ஒரே பாதைதான்.

கீ நிறுவனத்தின் கானோன் (1999) பனி மூடிய ஊரில் ஐந்து பெண்களின் கதை. 2006-ல் கியோட்டோ அனிமேஷன் இதை 24 எபிசோடுகளாக எடுத்தபோது ஐந்து ரூட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. படங்கள் அபாரம். ஆனால் ஒவ்வொரு ரூட்டும் தனித்தனியாகச் சாவுக்கும் பிரிவுக்கும் பக்கத்தில் போய் நிற்கும் கதை. ஒரு பெண்ணின் துயரத்துக்குக் கண்ணீர் விட்ட நாயகன் இரண்டு எபிசோடு கழித்து அடுத்த பெண்ணின் துயரத்தில் முழுகியிருக்கிறான். கேமில் ஒரு தடவை ஆடினால் ஒரு துயரம்தான். ஐந்தும் ஒரே குளிர்காலத்தில் ஒரே பையனுக்கு நேர்ந்தால், அவன் நல்லவனா, இல்லை மரத்துப்போனவனா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

அமகாமி எஸ்எஸ் (2010) ஒளிவுமறைவில்லாமல் வேறு வழியில் போனது. ஆறு பெண்கள், ஆளுக்கு நான்கு எபிசோடு. நான்கு முடிந்ததும் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும், முன்பு நடந்தது எதுவும் நடக்காததுபோல. பாட்டுகூட மாறிவிடும், அந்தந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவரே பாடியிருப்பார். கேமைத் திரும்பத் திரும்ப ஆடும் அனுபவத்தை இதைவிட நேராகக் காட்ட முடியாது. புதிதாகப் பார்ப்பவர்தான் ஐந்தாவது எபிசோடில் தலையைச் சொறிவார்.

இந்த வகையில் என் ஓட்டு ஸ்டெயின்ஸ்;கேட்டுக்கு. கேம் 2009-ல், தொடர் 2011-ல் ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோவிலிருந்து. டோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு மாடி அறையில் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு கூத்தடிக்கும் சில இளைஞர்கள், மைக்ரோவேவ் அடுப்பையும் கைபேசியையும் இணைத்து, இறந்தகாலத்துக்கு மெயில் அனுப்பும் கருவியைத் தற்செயலாகச் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நண்பரும் தன் பழைய குறை ஒன்றைத் திருத்த மெயில் அனுப்புகிறார். உலகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. பிறகு ஒரு தோழி சாகிறாள், எத்தனை முறை காலத்தில் பின்னால் போனாலும் சாகிறாள். அவளைக் காப்பாற்ற ஒரே வழி, அனுப்பிய மெயில்களை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டே திரும்பிப் போவது. அதாவது ஒவ்வொரு நண்பருக்கும் கிடைத்த சந்தோஷத்தைப் பிடுங்கவேண்டும்.

கேமில் ஒவ்வொரு ரத்தின்போதும் நீங்கள் 'மாட்டேன்' என்று நின்றுவிடலாம். அங்கேயே அந்தப் பாத்திரத்தோடு கதை ஒரு மாதிரி முடிந்துவிடும். அவைதான் ரூட்டுகள். தொடரில் நாயகன் எங்கும் நிற்பதில்லை. ஒவ்வொரு ரூட்டின் வாசலுக்கும் போகிறான், அந்த நண்பரின் முகத்தைப் பார்க்கிறான், கதவைச் சாத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறான். ஆடுபவர் தேர்ந்தெடுக்காமல் விட்ட கிளைகள் எல்லாம் நாயகன் கொடுத்த விலையாக மாறிவிட்டன. கானோனில் உறுத்திய, ரூட்டுகளைக் கோக்கும் அதே முறை இங்கே கதையின் வலியாகவே ஆகிவிட்டது. கேமை எழுதும்போதே கிளைகளைக் கதைக்கருவோடு பின்னியிருந்ததால் தொடர் எடுத்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

டைப்-மூனின் ஃபேட்/ஸ்டே நைட் (2004) இன்னொரு உதாரணம். மூன்று ரூட்டுகள், மூன்றும் ஒரே போட்டியின் மூன்று வடிவங்கள். 2006-ல் ஸ்டூடியோ டீன் முதல் ரூட்டை எடுத்து, மற்றதிலிருந்தும் கொஞ்சம் கிள்ளிப்போட்டது. ருசி கெட்டது. பிறகு யூஃபோட்டபிள் இரண்டாவது ரூட்டை 2014-15-ல் தொடராகவும், மூன்றாவதை 2017, 2019, 2020 ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாகவும் எடுத்தது. முதல் தொடரிலிருந்து கணக்குப் போட்டால், ஒரு கேமை முழுசாகத் திரைக்குக் கொண்டுவர 14 ஆண்டுகள். இவ்வளவு பொறுமையாகச் செலவு செய்ய யாருக்குக் கட்டுப்படியாகும்? இங்கேதான் காசு விஷயம் வருகிறது.

ஜப்பானில் பெரும்பாலான அனிமே தொடர்களை ஒரே நிறுவனம் தயாரிப்பதில்லை. பதிப்பகம், டிஸ்க் வெளியிடும் நிறுவனம், விளம்பர ஏஜென்சி, பொம்மைக் கம்பெனி, கேம் கம்பெனி எல்லாம் சேர்ந்து தயாரிப்புக் குழு ஒன்றை அமைப்பார்கள். பங்காளிகள் சேர்ந்து கிணறு வெட்டுவதுபோலத்தான். தண்ணீரை ஆளுக்கொரு முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள், வெட்டின ஆளுக்குக் கூலி மட்டும். இங்கே வெட்டுகிற ஆள் அனிமே ஸ்டூடியோ. தொடர் எவ்வளவு ஓடினாலும் பல நேரம் பேசின தொகைதான் அதற்கு. நள்ளிரவில் வரும் தொடர்களுக்கு டீவி நிலையத்திடம் நேரத்தைக் காசு கொடுத்து வாங்குவதும் இந்தக் குழுதான். கேம் கம்பெனி இதில் பங்கு போடுவது தொடரில் லாபம் பார்க்கவேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. கேம் விற்றால் போதும் அதற்கு. அதனால்தான் அறுபது மணி நேரக் கதை பன்னிரண்டு பதின்மூன்று எபிசோடில் நசுங்கி வருகிறது. கேம் வெளியாகும் நாள், அதன் அடுத்த பாகம் வரும் நாள், இவைதான் காலண்டர்.

கைபேசி கேம்கள் வந்தபிறகு இந்தக் கணக்கு தலைகீழானது. இவை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பிடித்த பாத்திரம் வேண்டுமென்றால் காச்சா என்ற குலுக்கலில் காசு போட்டு அதிர்ஷ்டத்தைப் பார்க்கவேண்டும். குலுக்கலில் வருபவற்றை ஒரு செட்டாகச் சேர்த்தால்தான் பரிசு என்ற உத்தி இளைஞர்களின் பையைக் காலி செய்யவே, 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை அது சட்டவிரோதம் என்று சொல்லி நிறுத்தியது. சாதாரணக் குலுக்கல் தொடர்ந்தது. சோனி குழுமத்தைச் சேர்ந்த அனிப்ளெக்ஸ் 2015-ல் வெளியிட்ட ஃபேட்/கிராண்ட் ஆர்டர் இந்த வகையில் பண மழை பெய்யவைத்த கேம். அதே அனிப்ளெக்ஸ்தான் ஃபேட் அனிமேக்களின் பின்னாலும் இருக்கிறது. 14 ஆண்டுப் பொறுமைக்கு இதுவும் ஒரு விளக்கம்.

அந்த கேமின் பாபிலோனியா பகுதி 2019-20-ல் தொடராக வந்தது. கேமில் அது ஏழாவது அத்தியாயம். முதல் ஐந்துக்குத் தொடரே கிடையாது, ஆறாவது பின்னால் திரைப்படமாக வந்தது. அதாவது கதையின் நடுவில் ஆரம்பித்தார்கள், ரசிகர்களுக்கு அதிகம் பிடித்த அத்தியாயம் அதுதான் என்பதால். புதியவர் யார் எவர் என்று தெரியாமல் விழிப்பார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவருக்குத் தன் கட்டைவிரலால் நடத்திய சண்டை பிரம்மாண்டமாகத் திரையில் வருவதைப் பார்க்கும் பரவசம். அந்தத் தொடர் கதை சொல்ல வந்ததல்ல, கொண்டாட வந்தது. அப்படிப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

டிஸ்க் விற்பனையிலும் ஒரு வேடிக்கை உண்டு. கைபேசி கேமிலிருந்து வந்த கிரான்ப்ளூ ஃபேண்டஸி தொடரின் (2017) ப்ளூரே பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். அதிலுள்ள குறியீட்டை கேமில் போட்டால் அரிய பொருள் கிடைக்கும். டிஸ்கை ஓட்டிப் பார்க்காமலே வாங்கியவர்கள் எத்தனை பேரோ. விற்பனைப் பட்டியலை வைத்து ஒரு தொடரின் தரத்தை அளக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தத் தாளையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இந்த வியாபாரத்திலிருந்து நல்ல கதை வரவே வராதா என்றால், உமா முசுமே இருக்கிறது. ஜப்பானின் நிஜமான பந்தயக் குதிரைகள், குதிரைக் காதும் வாலும் உள்ள பெண்களாக ஓடுகிறார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். சைகேம்ஸ் நிறுவனம் இதை 2016-ல் அறிவித்தது. கேம் தள்ளிக்கொண்டே போனது. தொடர் காத்திருக்கவில்லை, 2018 ஏப்ரலில் முதல் சீசன் வந்துவிட்டது. கேம் வெளியானது 2021 பிப்ரவரி 24 அன்று, அப்போது இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் விளம்பரத்துக்கு உரிய பொருளே இல்லாமல் விளம்பரம் மட்டும் இருந்தது. அதனாலேயே அது தொடராகத் தன் சொந்தக் காலில் நிற்கவேண்டியிருந்தது. பயிற்சியாளர் என்ற ஆடுபவரின் நாற்காலியும் அங்கே ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. ஆட்டம் என்று ஒன்று அப்போது இல்லையே.

கதையின் பலம் நிஜத்திலிருந்து வருகிறது. சைலன்ஸ் சுசுகா என்ற குதிரை 1998 நவம்பர் 1-ஆம் தேதி டென்னோ ஷோ பந்தயத்தில் வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது கால் முறிந்தது. காப்பாற்ற வழியில்லை என்று கருணைக்கொலை செய்தார்கள். தொடரிலும் அதே பந்தயம், அதே வளைவு. பந்தயம் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அங்கே தோழி ஒருத்தி ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிறாள், சுசுகா பிழைக்கிறாள். இரண்டாவது சீசன் டோக்காய் டெய்யோவுக்கு. எலும்பு முறிவுகளுக்குப் பிறகு, 364 நாள் இடைவெளி விட்டு, 1993 டிசம்பரில் அரிமா கினென் பந்தயத்தை வென்ற குதிரை அது. இதில் தொடர் எதையும் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இல்லை. 2025 ஜூனில் கேமின் ஆங்கில வடிவம் வந்தபோது, 113 பந்தயங்களில் ஒன்றில்கூட ஜெயிக்காத ஹாரு உராராவுக்குப் பல நாட்டு ரசிகர்கள் புல் வாங்க நன்கொடை அனுப்பினார்கள். அந்த நிஜக் குதிரை அப்போது உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தது.

ஜப்பானுக்கு வெளியே இருக்கும் கேம் நிறுவனங்கள் இந்த உறவைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தன. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2020 டிசம்பரில் வெளியிட்ட சைபர்பங்க் 2077 குறைகள் மலிந்து, சோனியின் இணையக் கடையிலிருந்தே சில நாளில் எடுக்கப்பட்டது. அது அனிமே பாணி கேம் இல்லை, ஆனால் 2022 செப்டம்பரில் ஜப்பானின் ட்ரிகர் ஸ்டூடியோ அதிலிருந்து எடுத்த எட்ஜ்ரன்னர்ஸ் பத்தே எபிசோடில் அதன் தலையெழுத்தை மாற்றியது. தினமும் பத்து லட்சம் பேர் ஆடவருகிறார்கள் என்று நிறுவனமே அந்த மாதம் சொன்னது. நாற்காலிப் பிரச்சினையை அவர்கள் தொடவே இல்லை. கேமின் நாயகன் தொடரில் கிடையாது. அதே நகரம், அதே தெருக்கள், வேறொரு பையனின் கதை. தொடர் முடிந்து கேமுக்குள் போனால் அவன் போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

சீன நிறுவனங்கள் போன வழி இன்னொன்று. ஷாங்காயின் மிஹோயோ 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட கென்ஷின் இம்பாக்டில் நாயகன், நாயகி இருவரும் இரட்டையர். ஒருவரை நீங்கள் எடுத்துக்கொண்டால் மற்றவர் காணாமல்போன உடன்பிறப்பாகிவிடுவார். நீங்கள் அதிகம் பேசமாட்டீர்கள், கூடவே மிதந்து வரும் பைமோன் என்ற குட்டிப் பாத்திரம் உங்களுக்கும் சேர்த்துப் பேசும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய பகுதி, புதிய பாத்திரம், அவருக்கென்று ஒரு சின்னப் படம். யோசித்துப் பார்த்தால் கேமே தொடராக ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் யூஃபோட்டபிளோடு சேர்ந்து அனிமே எடுக்கப்போவதாக அறிவித்தபோதுகூட அதை நீண்டகாலத் திட்டம் என்றுதான் சொன்னார்கள். அவசரம் அவர்களுக்கு இல்லை.

பங்காளிகளே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. சைகேம்ஸ் 2016-ல் தனக்கென்று ஸ்டூடியோ ஆரம்பித்தது. ஆர்க்நைட்ஸ் கேமை ஜப்பானிலும் பிற நாடுகளிலும் வெளியிடும் யோஸ்டார் நிறுவனமும் அப்படியே. யோஸ்டாரின் ஸ்டூடியோ 2022-லிருந்து ஆர்க்நைட்ஸைச் சின்னச் சின்ன சீசன்களாக, ஒரு சீசனுக்கு எட்டு, பத்து எபிசோடு என்று அவசரப்படாமல் எடுத்துவருகிறது. கேமில் டாக்டர் என்று அழைக்கப்படும் ஆடுபவர், தொடரிலும் முகமூடியும் தலைமூடியும் போட்டு, முகம் தெரியாமலே வருகிறார். கான்டாய் கலெக்‌ஷனின் நிழல் மனிதரைப் போலன்றி இவர் சண்டைக்களத்தில் நிற்கிறார், குழம்புகிறார், முடிவெடுக்கிறார். முகம் மட்டும்தான் இல்லை.

இந்த வகைத் தொடர்களை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர் ஸ்டெயின்ஸ்;கேட்டிலோ உமா முசுமேயின் இரண்டாவது சீசனிலோ ஆரம்பிக்கலாம். கேமைத் தொடாமலே புரியும். முன்னதில் முதல் பத்து எபிசோடு மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளவேண்டும். பெர்சோனா 4-ஐ ஆடிவிட்டுப் பார்த்தால் சிரிப்பு இரட்டிப்பாகும். பாபிலோனியாவை, அந்த கேமில் ஆறு அத்தியாயம் ஓட்டியிராதவர்கள் இப்போதைக்கு விட்டுவிடலாம்.